விசில் கிடைத்தது, பெஞ்ச் கிடைக்கவில்லை

2024 ஜனவரி 13 அன்று கத்தாரில் இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஆசியக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுடன் மோதியது. விசிலோடு களத்தின் நடுவில் நின்றவர் ஜப்பானைச் சேர்ந்த யோஷிமி யமஷிதா. ஆண்கள் ஆசியக் கோப்பையில் ஒரு பெண் நடுவராக இருந்த முதல் ஆட்டம் அதுதான். கொடி பிடித்த மகோட்டோ போசோனோ, நவோமி தெஷிரோகி இருவரும் பெண்களே. இந்தியா 2-0 என்று தோற்றது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை டீக்கடைகளில் தோல்விக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பின்வரிசை சரியில்லை, சேத்ரிக்கு வயதாகிவிட்டது, கோச்சை மாற்ற வேண்டும் என்று பேச்சு நீண்டது. நடுவர் பெண்ணாக இருந்ததால் தோற்றோம் என்று யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

அதே ஆட்டத்தில் இரண்டு அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களும் ஆண்கள். இந்தியாவுக்கு இகோர் ஸ்டிமாச், ஆஸ்திரேலியாவுக்கு கிரஹாம் ஆர்னால்ட். அதை யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். இருபத்திரண்டு ஆண்களுக்கு மஞ்சள் அட்டை காட்டும் அதிகாரத்தை ஒரு பெண்ணிடம் கொடுக்கக் கால்பந்து ஒப்புக்கொண்டுவிட்டது. கோட்டுக்கு வெளியே நின்று பதினொரு பேருக்கு யோசனை சொல்லும் வேலையை மட்டும் அவளிடம் கொடுக்க ஏன் இத்தனை தயக்கம்?

திறமை போதாது, துணிச்சல் போதாது, வீரர்கள் மதிக்க மாட்டார்கள் என்று வழக்கமான பதில்கள் வரும். எனக்குத் தோன்றும் காரணம் வேறு. நடுவருக்கு ஓட்டத் தேர்வு உண்டு, விதிமுறைத் தேர்வு உண்டு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மதிப்பீட்டாளர் எழுதும் அறிக்கை உண்டு, ஆண்டுதோறும் ஃபிஃபா வெளியிடும் பட்டியல் உண்டு. பயிற்சியாளருக்கும் லைசென்ஸ் உண்டு என்பது உண்மை. ஆனால் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் யாரை எடுப்பது என்பதைக் கிளப் முதலாளியின் ஒரு போன் அழைப்பு முடிவு செய்துவிடுகிறது. பட்டியலைப் பார்த்து ஆள் எடுக்கும் இடத்துக்குப் பெண் வந்துவிட்டாள். தெரிந்தவரைப் பார்த்து ஆள் எடுக்கும் இடத்துக்கு அவளால் வர முடியவில்லை.

தனுவச்சபுரத்துக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பி.எஸ்.சி. ராங்க் லிஸ்டில் பெயர் வந்ததா, எத்தனையாவது இடம், அட்வைஸ் எப்போது வரும் என்பது இங்கே வீட்டுக்கு வீடு நடக்கும் பேச்சு. அந்தப் பட்டியல் வழியாகத்தான் நம் பெண்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஆண்பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைகளுக்கும் போனார்கள். ஐ.டி.ஐ. பட்டறையில் பையன்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் பெண் இன்ஸ்ட்ரக்டரை இன்று யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. பஞ்சாயத்திலும் இதே கதைதான். உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2009இல் கேரளம் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே பாதி நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்தார்கள். அதற்கு முன்னால் 'தகுதியான ஆள் கிடைக்காது' என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

பந்துக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை. கடற்கரைக்கு இறங்கினால் பொழியூர். சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களைக் கொடுத்த ஊர் என்று கேரளம் முழுக்கப் பெயர் பெற்றது. எல்லையைத் தாண்டினால் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை. ஐ.எஸ்.எல். வரை போன மைக்கேல் சூசைராஜ் அந்தக் கரைக்காரர். மாலையானால் மணலில் கம்பு நட்டு, வலை இல்லாத கோலில் பந்து பாயும். செவன்ஸ் பந்தயம் வந்தால் பரிசளிப்பு மேடையில் பஞ்சாயத்துத் தலைவி இருப்பார், வார்டு மெம்பரும் பெண்ணாக இருப்பார், கோப்பையை அவர்கள் கையால்தான் கொடுப்பார்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்று "ரைட்ல ஆளை விடாதே" என்று கத்துபவர் மட்டும் எப்போதும் அண்ணன்தான்.

இரண்டு கோப்பைகளும் அதற்குப் பிறகும்

திறமை இல்லை என்ற வாதத்துக்குப் பதில் வெளிநாட்டில் தேட வேண்டாம், நம் இரண்டு மாநிலங்களிலேயே இருக்கிறது. பெண்களுக்கான தேசிய லீக் 2016-17இல்தான் தொடங்கியது. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டின் சேது எஃப்.சி., மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அந்த அணியின் பயிற்சியாளர் கேரளத்தைச் சேர்ந்த அம்ருதா அரவிந்த். அடுத்த பருவத்தில், 2020 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் கோகுலம் கேரளா, கிரிஃப்சா எஃப்.சி.யை 3-2 என்று வென்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது நேபாளத்தின் சபித்ரா பண்டாரி போட்ட கோல்தான் முடிவைத் தீர்மானித்தது. பெஞ்சில் இருந்தவர் கண்ணூரைச் சேர்ந்த பி.வி. பிரியா. ஆக, அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் இந்தியாவின் சாம்பியன் அணிகளைக் கேரளத்துப் பெண்கள் இருவர் வழிநடத்தினார்கள்.

பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 2022இலும் 2023இலும் கோகுலம் ஆண்டனி ஆண்ட்ரூஸ் தலைமையில் வென்றது. 2024இல் ஒடிஷா எஃப்.சி.க்கு கிறிஸ்பின் சேத்ரி. 2025இல் ஈஸ்ட் பெங்காலுக்கு மறுபடியும் ஆண்டனி ஆண்ட்ரூஸ். நான்கு கோப்பைகளும் ஆண் பயிற்சியாளர்களுக்கு. அவர்கள் திறமைசாலிகள், சந்தேகமில்லை. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றதும் கிறிஸ்பின் சேத்ரியின் தலைமையில்தான். அப்போது உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் பிரியா.

கேள்வி இதுதான். பெண்கள் லீக்கில் கோப்பை வென்ற ஆணுக்கு இன்னொரு கிளப்பும் தேசிய அணியும் கதவு திறக்கின்றன. அதே லீக்கில் அதே கோப்பையை வென்ற பெண்ணுக்கு ஆண்கள் கிளப் ஒன்றிலிருந்து உதவிப் பயிற்சியாளர் வேலைக்காவது கூப்பிட்டார்களா? 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்.லில் எந்தக் கிளப்பும் ஒரு பெண்ணைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்ததில்லை. ஆண்கள் கிளப்பின் அமைப்புக்குள் பொறுப்பான பதவிக்கு வந்த ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்தின் அஞ்சு துரம்பேகரைச் சொல்லலாம். தேசிய சம்மேளனத்தின் அடித்தளப் பிரிவைக் கவனித்த அவர் பிறகு கோவாவின் டெம்போ கிளப்பில் இளைஞர் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். விரல் விட்டு எண்ண ஒரு கைகூட வேண்டாம் என்ற நிலைதான்.

பெண்கள் அணி என்பதே பெண் பயிற்சியாளருக்கு ஒரே வேலைவாய்ப்பு என்றால், அந்த வேலைக்கும் உத்தரவாதமில்லை. 2023 மார்ச்சில் பெங்களூருக்கு எதிரான பிளே ஆஃப் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆண்கள் அணி பாதியில் மைதானத்தை விட்டு வெளியேறியது. அதற்காக விதிக்கப்பட்ட அபராதம் நான்கு கோடி ரூபாய். சில மாதங்களில் அந்த நிதிச்சுமையைக் காரணம் காட்டிக் கிளப் தன் பெண்கள் அணியைத் தற்காலிகமாக நிறுத்தியது. மைதானத்தை விட்டுப் போனவர்கள் ஆண்கள், ஆட்டம் இல்லாமல் போனது பெண்களுக்கு. ஓர் அணி மூடப்படும்போது ஆட்டக்காரிகளோடு பயிற்சியாளர், உதவியாளர், பிசியோ வேலைகளும் சேர்ந்தே மூடப்படுகின்றன.

இடம் காலியானபோது உள்ளே இருந்தவர்கள்

உலகத்தில் ஆண்கள் அணியை நடத்திய பெண்கள் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்கள் என்று பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. ஹாங்காங்கின் ஈஸ்டர்ன் கிளப்பில் சான் யுவென் டிங் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 2015 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளர் சீன கிளப் ஒன்றுக்குப் போய்விட, கிளப் அவரையே அந்த இடத்தில் வைத்தது. அப்போது அவருக்கு வயது 27. அடுத்த ஏப்ரலில் சவுத் சைனா அணியை 2-1 என்று வென்று ஈஸ்டர்ன் லீக் சாம்பியன் ஆனது, அதுவும் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து. ஒரு நாட்டின் முதல்நிலை ஆண்கள் லீக்கை வென்ற முதல் பெண் பயிற்சியாளர் என்று கின்னஸ் அவரைப் பதிவு செய்தது. மறு ஆண்டு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஸ்கொலாரியின் குவாங்சோ அணியிடம் அவர் அணி 7-0 என்று தோற்றது. ஹாங்காங் கிளப்புக்கும் கோடிகளைக் கொட்டிய சீன கிளப்புக்கும் உள்ள வித்தியாசம் அது. ஆண் பயிற்சியாளர் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது.

ஜெர்மனியில் மரீ லூயிசே எட்டா, யூனியன் பெர்லின் கிளப்பின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் உதவியாளராக இருந்தவர். 2023 நவம்பரில் முதன்மை அணியில் குழப்பம் வந்தபோது புண்டஸ்லீகாவின் முதல் பெண் உதவிப் பயிற்சியாளர் ஆனார். 2024 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளருக்குத் தடை விதிக்கப்பட்டதால் டார்ம்ஸ்டாட்டுக்கு எதிரான ஆட்டத்தில் கோட்டோரம் நின்று அணியை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். யூனியன் 1-0 என்று வென்றது. சப்ரினா விட்மன் இங்கோல்ஸ்டாட் கிளப்பின் இளையோர் அணியை நடத்திக்கொண்டிருந்தார். 2024இல் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிய முதன்மை அணிக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டது. தற்காலிகமாக வந்தவர் அந்தக் கோடையிலேயே நிரந்தரமானார். இங்கிலாந்தின் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸில் ஹன்னா டிங்லி அகாடமித் தலைவராக இருந்தவர். 2023 ஜூலையில் இரண்டு வாரம் மட்டும் முதன்மை அணியின் பொறுப்பு அவரிடம் இருந்தது.

இவர்கள் யாரும் வெளியிலிருந்து விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட்டு உச்சிக்குப் போனவர்கள் இல்லை. நாற்காலி காலியானபோது அந்தக் கட்டடத்துக்குள் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். திங்கட்கிழமை காலை வீடியோ வெட்டியவர்கள், கார்னர் கிக்குக்கு யார் எங்கே நிற்க வேண்டும் என்று பலகையில் காந்தக் கட்டைகளை நகர்த்தியவர்கள். வீரர்களுக்கு அவர்களை முன்பே தெரியும். அதனால் 'பெண் வந்திருக்கிறார்' என்ற அதிர்ச்சி பத்திரிகைகளுக்கு இருந்த அளவுக்கு உடைமாற்றும் அறையில் இல்லை.

வெளியிலிருந்து நேராகத் தலைமைக்கு அழைக்கப்பட்டவர்களின் அனுபவம் வேறு மாதிரி. பிரான்சின் இரண்டாம் நிலை கிளப்பான கிளெர்மோன், 2014 மே மாதம் போர்ச்சுகலின் ஹெலெனா கோஸ்டாவை நியமித்தது. உலகமெங்கும் செய்தியானது. பருவம் தொடங்கும் முன்பே, ஜூனில் அவர் விலகினார். தன்னைக் கேட்காமலே வீரர்களை ஒப்பந்தம் செய்தார்கள் என்றும், விளம்பரத்துக்கான முகமாகத் தன்னை வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள் என்றும் குற்றம்சாட்டினார். அவருக்குப் பதிலாக வந்த கொரீன் டியாக்ர் பிரான்ஸுக்காக 121 ஆட்டங்கள் ஆடியவர். மூன்று பருவங்கள் அதே கிளப்பை நடத்திவிட்டு, 2017இல் பிரான்ஸ் பெண்கள் அணிக்குப் பொறுப்பேற்றார். அதே கிளப், அதே வேலை. நியமனம் செய்தால் போதாது, அதோடு அதிகாரமும் வர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

சொல்லப்படும் காரணங்கள்

முதல் காரணம் உடைமாற்றும் அறை. ஆண்கள் இருக்கும் அறைக்குள் பெண் எப்படிப் போவாள் என்கிறார்கள். வீரர்கள் உடை மாற்றிய பிறகு போவார். பெண்கள் அணியை நடத்தும் ஆண் பயிற்சியாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். சொல்லப்போனால் இந்தக் கேள்வியை நாம் தவறான பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2022இல் இந்தியாவின் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி ஐரோப்பா போயிருந்தபோது, பாலியல் முறைகேட்டுப் புகாரில் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டுப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது எங்கே என்பதை அந்தச் சம்பவமே சொல்லும்.

இரண்டாவது, ஆண்கள் ஆட்டத்தின் வேகத்தில் விளையாடாதவர் எப்படிச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பது. ஏ.சி. மிலானுக்கு 1989, 1990 என்று இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் வாங்கிக்கொடுத்த அரிகோ சாக்கி தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை. அவர் செருப்பு விற்றவர். ஜோசே மொரின்ஹோ பெரிய கிளப்புக்குள் நுழைந்தது பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராக. அவர்களிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? பெண்கள் அணிக்கு வரும் ஆண் பயிற்சியாளரிடம், 'நீங்கள் பெண்கள் ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா?' என்று யாரும் கேட்பதில்லையே.

மூன்றாவது காரணத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 'தகுதியான பெண்கள் போதுமான அளவில் இல்லை' என்பது. ஆசியக் கால்பந்தில் பயிற்சியாளர் லைசென்ஸ் டி, சி, பி, ஏ என்று ஏறி, ப்ரோவில் முடிகிறது. ஐ.எஸ்.எல். தலைமைப் பயிற்சியாளருக்கு ப்ரோ வேண்டும். மேல் படிக்குப் போக, கீழ்ப் படியில் ஏதாவது ஓர் அணியோடு வேலை செய்த அனுபவம் வேண்டும். அணி கிடைக்காதவருக்கு அனுபவம் வராது, அனுபவம் இல்லாதவருக்கு அடுத்த லைசென்ஸ் வராது, லைசென்ஸ் இல்லாதவருக்கு அணி கிடைக்காது. இந்த வட்டத்தை உண்டாக்கிவிட்டு, உள்ளே சிக்கியவரைப் பார்த்து 'தகுதி இல்லை' என்று சொல்வது நியாயமா?

பெண்கள் ஆட்டமும் கைநழுவுகிறது

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கும் மரியாதை கொடுக்க வேண்டும். செல்சி பெண்கள் அணியை நடத்திய எம்மா ஹேய்ஸின் பெயர் 2021இல் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் ஆண்கள் அணி வேலையோடு சேர்த்துப் பேசப்பட்டது. உலகத் தரமான பெண்கள் அணியை விட்டு மூன்றாம் நிலை ஆண்கள் அணிக்குப் போவதைப் பதவி உயர்வு என்று நினைப்பதே அவமானம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆண்கள் ஆட்டம்தான் உச்சி, பெண்கள் ஆட்டம் அதற்கு ஏணி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் ஹேய்ஸுக்கு இருந்த தேர்வு எல்லோருக்கும் இருக்கிறதா? அமெரிக்காவின் அனுபவம் எச்சரிக்கை தருகிறது. கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் 1972இல் வந்தபோது, அங்கே கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். சட்டத்தால் அணிகளும் சம்பளமும் பெருகின. பணம் வந்ததும் ஆண்களும் வந்தார்கள். இன்று பெண் பயிற்சியாளர்களின் பங்கு பாதிக்கும் கீழே. 2023 பெண்கள் உலகக் கோப்பையில்கூட 32 அணிகளில் 12 அணிகளுக்குத்தான் பெண்கள் தலைமைப் பயிற்சியாளர்கள்.

போக்குவரத்து ஒரு திசையில் மட்டும்தான் நடக்கிறது. ஆண் பயிற்சியாளருக்கு இரண்டு மைதானங்களும் திறந்திருக்கின்றன. பெண் பயிற்சியாளருக்கு ஒன்று மூடியிருக்கிறது, மற்றொன்றில் இடம் சுருங்குகிறது. இந்தியாவிலும் இதன் சாயல் தெரிகிறது. 2017இல் தேசிய அணிக்கு வந்த கோவாவின் மேமோல் ராக்கி, 2019 மார்ச்சில் விராட்நகரில் நேபாளத்தை 3-1 என்று வென்று தெற்காசியக் கோப்பையைக் கொண்டுவந்தார். 2021இல் அவர் விலகிய பிறகு வந்தவர் சுவீடனின் தாமஸ் டென்னர்பி. அவருடைய அனுபவம் பெரிதுதான். மேமோல் ராக்கியின் அனுபவத்தை மட்டும் எந்த ஆண்கள் கிளப்பும் தேடிப் போகவில்லை.

நம்மூரில் என்ன செய்யலாம்?

மேலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து ஐ.எஸ்.எல். பெஞ்சில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்வதால் எதுவும் மாறாது. அது கோஸ்டாவுக்கு நடந்ததைப் போல முடியும். மாற வேண்டியது கீழ்ப் படிகள். அதற்கு மூன்று காரியங்கள் செய்யலாம், எதற்கும் பெரிய பணம் வேண்டாம்.

முதலாவது, டி லைசென்ஸ் வகுப்பு. கேரளக் கால்பந்து சங்கமும் விளையாட்டுக் கவுன்சிலும் அதை நெய்யாற்றின்கரைத் தாலுகாவுக்குக் கொண்டுவர வேண்டும். தனுவச்சபுரத்தில் கல்லூரி இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்தும் பெண்கள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம். தமிழிலும் மலையாளத்திலும் வகுப்பு நடக்கட்டும். பெண்களுக்குக் கட்டணத்தில் பாதியைப் பஞ்சாயத்து ஏற்கட்டும். பள்ளியில் டிரில் எடுக்கும் டீச்சர்கள், கல்லூரி அணியில் ஆடிவிட்டுத் திருமணத்தோடு பூட்ஸைக் கழற்றியவர்கள் என்று முதல் வகுப்புக்கு ஆள் சேர்வது கடினமில்லை. கோழிக்கோடு நடக்காவு பெண்கள் பள்ளியில் 2021இல் மறைந்த ஃபௌசியா மாம்பற்றா ஒற்றை ஆளாக எத்தனை ஆட்டக்காரிகளை உருவாக்கினார் என்பதைக் கேரளம் பார்த்திருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் பையன்களையும் விட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இரண்டாவது, சிறு பையன்களின் அணிகள். 13 வயதுக்குட்பட்ட பையனுக்குப் பந்தை இடது காலால் நிறுத்தக் கற்றுக்கொடுப்பவர் ஆணா பெண்ணா என்பது அவனுக்குப் பொருட்டே இல்லை. இன்று டீச்சரிடம் கற்ற பையன் பதினெட்டு வயதில் கிளப்புக்குப் போகும்போது, பெஞ்சில் ஒரு பெண் இருந்தால் அவனுக்கு அது புதுமையாக இருக்காது. ஆண்களின் மனம் மாற வேண்டும் என்று மேடையில் பேசுவதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

மூன்றாவது, திறந்த தேர்வு. 2024இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் நம் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் உட்பட ஆறு கிளப்புகள் ஆடின. ஒவ்வொரு கிளப்பும் தன் பயிற்சிக் குழுவில் ஓர் இடத்தையாவது பொது அறிவிப்பு கொடுத்து, விண்ணப்பம் வாங்கி, நேர்முகம் நடத்தி நிரப்ப வேண்டும் என்று லீக் விதி போடலாம். உதவிப் பயிற்சியாளரோ, வீடியோ ஆய்வாளரோ, இளையோர் பயிற்சியாளரோ, எந்த இடமானாலும் சரி. அதில் பெண்ணுக்குச் சலுகை மதிப்பெண்கூட வேண்டாம். பட்டியல் ஒன்று இருந்தால் போதும். பட்டியல் இருந்த எல்லா இடத்துக்கும் நம் பெண்கள் வந்து காட்டியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் டெல்லியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த ஓணத்துக்குப் பந்தயம் நடத்தப்போகும் நம் கிளப் கமிட்டிகள், சிறுவர் பிரிவில் கலந்துகொள்ளும் ஒவ்வோர் அணியும் லைசென்ஸ் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண்ணையாவது பெஞ்சில் கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸில் ஒரு வரி சேர்க்கலாம். ஐ.எஸ்.எல்.லுக்குப் பெண் பயிற்சியாளர் எப்போது வருவார் என்ற கேள்வியை நாம் கொச்சியைப் பார்த்துக் கேட்கிறோம். அந்த நோட்டீஸ் அச்சாகும் பாறசாலை பிரஸ்ஸில்தான் அதன் பதில் தொடங்குகிறது.